சாந்தும் சேர்மானமும்

‘சாந்து’ என்னும் தமிழ்ச் சொல்லுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்கள் உண்டு. மார்பிற் பூசும் சந்தனக் குழம்பும் சாந்து. நெற்றியில் இடும் மைக்குழம்பும் சாந்து. கல்லோடு கல்லைப் பிணைக்கும் காரைக் குழம்பும் சாந்தே. அரைத்தலும் குழைத்தலும் பக்குவம் பார்த்தலும் இவை அனைத்துக்கும் பொது. பக்குவம் தப்பினால் சந்தனம் உதிரும், மை வழியும், சுவர் நில்லாது.

பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு வெளியே வந்து, தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் குடியேறி வாழ்கிறோம் நாம். வாடகை வீடாயினும் சொந்த வீடாயினும், அதன் சுவரில் செங்கல்லைக் காண்கிறோம். மேலே பூசிய வண்ணத்தைக் காண்கிறோம். இடையில் மறைந்து நின்று வீட்டைத் தாங்கும் சாந்தை எண்ணிப் பார்ப்பதில்லை. அச்சாந்திலும் சுண்ணாம்பு, சிமெண்டு, மணல், நீர் என்னும் பெரும்பொருள்களைத் தவிர, கைப்பிடியளவே சேரும் சிறுபொருள்கள் சில உண்டு. அவற்றைச் சேர்மானம் என்று குறிப்போம். அச்சிறுபொருள்களின் வரலாறே இங்கு நாம் காணப் புகுவது.

ஒரு புதிரோடு தொடங்குவோம். நம் பாட்டனார் காலத்துக் கொத்தனார் சுண்ணாம்புக் காரையில் வெல்லம் கரைத்த நீரை ஊற்றினார். காரை கல்லாய் இறுகிற்று. அதே வெல்ல நீரை இன்றைய கொத்தனார் சிமெண்டுக் கலவையில் ஊற்றினால், கலவை இறுகாமலே கிடக்கும். ஒரே வெல்லம் ஒன்றுக்கு மருந்தாகவும் மற்றொன்றுக்கு நஞ்சாகவும் ஆவது எங்ஙனம்? இப்புதிரை விடுவிக்கப் புகுந்தால், சாந்தின் நெடிய வரலாறு நம் கண்முன் விரியும்.

முதலில் சுண்ணாம்பின் இயல்பை அறிவோம். சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் இட்டுச் சுடும்போது, அதனுள் அடங்கியிருந்த கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. எஞ்சிய சுட்ட சுண்ணாம்பின்மேல் நீர் தெளித்தால், அது கொதித்துப் பொங்கி நீற்றுச் சுண்ணாம்பாகிறது. அதனை மணலோடு குழைத்துச் சுவரில் இட்டபின், காற்றில் உள்ள கரியமில வாயுவைச் சிறிது சிறிதாக உட்கொண்டு மீண்டும் கல்லாகிறது. கல்லாய்ப் பிறந்து, தீயில் வெந்து, நீரில் குளித்து, காற்றை உண்டு மீண்டும் கல்லாவதே சுண்ணாம்பின் வாழ்க்கை வட்டம்.

இவ்வட்டத்தில் மூன்று குறைகள் இருந்தன. காற்று உட்புகுவது மெதுவாகையால் தடித்த சுவரின் உட்புறம் இறுகப் பல்லாண்டுகள் ஆகும். விரைந்து உலர்ந்தால் பூச்சு சுருங்கி வெடிக்கும். இறுகுமுன் மழை பெய்தால் சாந்து கரைந்தோடும். இக்குறைகளை நீக்கவே நம் நாட்டுக் கொத்தர்கள் தம்மைச் சூழ்ந்த காட்டிலும் வயலிலும் அடுக்களையிலும் மருந்து தேடினர்.

அத்தேட்டம் இந்தியா முழுவதும் பரந்திருந்தது. தமிழ்நாட்டில் கடுக்காயை இடித்து ஊறவைத்த நீரும், வெல்லமும் கருப்பட்டியும் கரைத்த நீரும் காரைக்குச் சேர்ந்தன. சென்னையில் கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டையின் வெண்கருவையும் தயிரையும் சேர்த்து அரைத்து, பலமுறை பூசித் தேய்த்து மெருகேற்றினர். அச்சுவர்களைக் கண்ட ஐரோப்பியர் அவை சலவைக்கல்லை ஒத்திருந்தன என்று வியந்து எழுதினர். தில்லி, ஆக்ரா வட்டாரங்களில் உளுந்தும் வில்வப்பழக் கூழும் வெல்லமும் சேர்ந்தன. ஜெய்ப்பூரில் ‘அராயிஷ்’ என்னும் கண்ணாடிப் பூச்சுக்குச் சலவைக்கல் தூளோடு தயிரும் வெல்லமும் துணையாயின. இன்னும் பின்னோக்கிச் சென்றால், 6-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர் தம் ‘பிருகத் சம்ஹிதை’யில் ‘வஜ்ரலேபம்’ என்னும் பசைக்கு ஒரு தனி அத்தியாயமே வகுத்திருக்கக் காண்கிறோம். விளாங்காய், இலவம்பூ முதலியவற்றை நீரிலிட்டு, நீர் எட்டில் ஒரு பங்காகச் சுண்டும்வரை காய்ச்சி, அதனோடு பிசின் வகைகளைச் சேர்க்கும் முறையை அதில் அவர் விளக்குகிறார்.

இவற்றையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒதுக்குவோரும் உண்டு. முன்னோர் அறியாதது ஒன்றுமில்லை என்று கொண்டாடுவோரும் உண்டு. இருசாராருமே ஒரு கேள்வியைக் கேட்க மறந்துவிடுகின்றனர். அப்பொருள் சாந்தினுள் சென்று என்ன செய்தது என்பதே அக்கேள்வி.

இன்றைய வேதியியல் அதற்கு விடை தருகிறது. சுண்ணாம்பு வெறும் நீரில் மிகச் சிறிதளவே கரையும். சர்க்கரை கலந்த நீரில் அதனினும் மிகுதியாகக் கரையும். ஆகவே வெல்லநீர் சுண்ணாம்பை நுண்ணிடங்களுக்கெல்லாம் எடுத்துச் சென்று பரப்புகிறது. உளுந்தின் வழுவழுப்பு நீரைச் சாந்தினுள்ளேயே பிடித்து வைக்கிறது. வெயிலிலும் பூச்சு விரைந்து உலர்ந்து வெடிப்பதில்லை. முட்டையின் வெண்கருவிலுள்ள புரதம் நுரைத்து நுண்ணிய காற்றுக் குமிழிகளைச் சாந்தில் நிறுத்துகிறது. கரணைக்குச் சாந்து இழைந்து கொடுக்கிறது. சீனத்தில் மிங் அரச மரபின் காலத்தில் பசையரிசிக் கஞ்சியைச் சுண்ணாம்போடு கலந்து மதில்களும் கல்லறைகளும் எழுப்பினர். அச்சாந்தைச் செஜியாங் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் ஆய்ந்து 2010-இல் வெளியிட்ட முடிவு குறிக்கத்தக்கது. அரிசியிலுள்ள மாவுச்சத்து, சுண்ணாம்புப் படிகங்கள் பெருத்து வளராமல் தடுத்து, அவற்றை நுண்ணியவாயும் நெருங்கியவாயும் அமையச் செய்தது என்பதே அம்முடிவு. ஊர்தோறும் சேர்மானம் வேறு. அது செய்த தொண்டு ஏறத்தாழ ஒன்றே.

இதுவரை கண்டவை உயிர்ப்பொருள்கள். மண்ணிலிருந்து வந்த சேர்மானம் ஒன்றும் உண்டு; அதன் தொண்டு இவற்றினும் பெரிது. இத்தாலியில் நேப்பிள்ஸ் விரிகுடாவை அடுத்த புட்டியோலி என்னும் ஊரில் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்தால், அக்கலவை நீருக்குள்ளும் இறுகும் என்பதை உரோமானியர் கண்டனர். கி.மு. முதல் நூற்றாண்டில் விட்ருவியஸ் தம் கட்டடக்கலை நூலில் அதனைக் குறித்து வைத்தார். அச்சாம்பலிலுள்ள மணற்சத்தும் களிமண் சத்தும் சுண்ணாம்போடு நேரே கூடிப் புதியதொரு பிணைப்பை உண்டாக்குவதால், காற்றின் வரவுக்காகச் சாந்து காத்திருக்க வேண்டுவதில்லை.

நம் நாட்டின் பெரும்பகுதியில் எரிமலைச் சாம்பல் கிடைப்பதில்லை. ஆயினும் சுட்ட களிமண்ணுக்கும் அதே குணம் உண்டு. செங்கல்லைப் பொடித்துப் பெற்ற அத்தூளே சுர்க்கி. முல்லைப் பெரியாற்று அணை 1887-இல் தொடங்கி 1895-இல் பென்னிகுயிக்கின் தலைமையில் நிறைவுற்றபோது, அதனைப் பிணைத்தது சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையே. மேற்கு நோக்கிக் கடலிற் சென்ற நீரை மதுரைச் சீமைக்குத் திருப்பிய அப்பெருஞ்செயல், செங்கல் தூளின் துணையோடு நடந்தது. மைசூரில் கண்ணம்பாடியில் 1911-இல் தொடங்கிய கிருஷ்ணராஜ சாகர அணைக்கும் சுர்க்கிக் காரையே பயன்பட்டது. இவ்விரண்டு அணைகளும் இன்றும் நீரைத் தாங்கி நிற்கின்றன.

இதற்கிடையே மேலை நாட்டில் சாந்தின் போக்கையே மாற்றிய ஆராய்ச்சி நிகழ்ந்துகொண்டிருந்தது. இங்கிலாந்தின் தென்கடலில் எடிஸ்டன் பாறைமேல் கலங்கரை விளக்கம் எழுப்பும் பொறுப்பு ஜான் ஸ்மீட்டனுக்கு 1756-இல் வாய்த்தது. அலைக்கு நடுவே இறுகவல்ல சாந்து எது என்று அவர் பலவகைச் சுண்ணாம்புகளைச் சோதித்தார். தூய சுண்ணாம்பினும் களிமண் கலந்த சுண்ணாம்பே நீரில் நன்கு இறுகுவதைக் கண்டார். பிரான்சில் லூயி விக்கா என்பவர் 1817-ஐ ஒட்டி, சுண்ணாம்பையும் களிமண்ணையும் வேண்டிய விகிதத்தில் கலந்து சுட்டு, அத்தன்மையைச் செயற்கையாகவே உண்டாக்கிக் காட்டினார். 1824-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் ‘போர்ட்லண்ட் சிமெண்டு’ என்னும் பொருளைச் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இறுகியபின் அது போர்ட்லண்டுத் தீவின் கட்டடக்கல்லை ஒத்திருந்தமையால் அப்பெயர் ஏற்பட்டது.

இந்தியாவில் 1904-இல் சென்னையில் சிமெண்டு செய்யும் முயற்சி ஒன்று நடந்து, நிலைபெறாமற் போயிற்று. 1914-இல் குஜராத்தின் போர்பந்தரில் தொடங்கிய ஆலையே நிலையான உற்பத்திக்கு வித்திட்டது. பின்னர்ச் சில பத்தாண்டுகளுக்குள் காரைச் செக்குகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. சுண்ணாம்பு மாதக் கணக்கில் செய்த வேலையைச் சிமெண்டு நாட் கணக்கில் செய்தது. காளவாய்க்காரரும் கடுக்காய் இடிப்போரும் வேறு தொழில் நாடினர்.

இங்கேதான் நம் புதிர் பிறக்கிறது. சுண்ணாம்பு காற்றை உண்டு இறுகுவது. சிமெண்டோ நீரோடு கூடி இறுகுவது. நீர் பட்டவுடன் சிமெண்டின் நுண்துகள்களிலிருந்து புதிய படிகங்கள் முளைத்து, ஒன்றோடொன்று பின்னிக் கொள்கின்றன. சர்க்கரை அத்துகள்களின் மேல் படிந்து அம்முளைப்பைத் தடுத்துவிடுகிறது. சிமெண்டின் எடையில் 0.05 சதவிகிதம் சர்க்கரை கலந்தால் இறுகுதல் ஏறத்தாழ 4 மணி நேரம் தள்ளிப் போகும். 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு இது வெறும் 25 கிராம். அதாவது ஒரு கைப்பிடிக்கும் குறைவு. 0.2 சதவிகிதம் முதல் 1 சதவிகிதம் வரை, அதாவது மூட்டைக்கு 100 கிராம் முதல் அரைக் கிலோ வரை கலந்தால், சாந்து இறுகுவதே அரிது. சுண்ணாம்புக்குத் தூதுவனாய் நின்ற வெல்லம் சிமெண்டின் வாயைக் கட்டிவிடுகிறது. பொருள் மாறவில்லை, அது சேர்ந்த இடம் மாறிற்று.

ஆகவே புதிய சாந்துக்குப் புதிய சேர்மானங்கள் வேண்டியிருந்தன. அவற்றுள் முதலாவதை நாம் விலைகொடுத்து வாங்கும் மூட்டைக்குள்ளேயே ஆலைக்காரர் வைத்துவிடுகின்றனர். சூளையிலிருந்து வரும் சிமெண்டுக் கட்டியை அப்படியே பொடித்து நீர் விட்டால், கொத்தனார் கரணையை எடுக்குமுன் அது விறைத்துப் போகும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், சிறிது ஜிப்சம் சேர்த்து அரைத்தால் இவ்விரைவு அடங்கும் என்பது தெரியவந்தது. மூட்டை ஒன்றில் சுமார் 2 கிலோ அளவில் உள்ள அந்த ஜிப்சமே கலப்பதற்கும் பூசுவதற்கும் நமக்கு அவகாசம் தருகிறது.

அடுத்த சிக்கல் நீரைப் பற்றியது. 50 கிலோ சிமெண்டு முழுவதும் வேதியியல் முறையில் கூடுவதற்கு ஏறத்தாழ 12 லிட்டர் நீர் போதும். ஆனால் அவ்வளவே ஊற்றினால் கலவை உதிரியாய்க் கிடக்கும், வேலைக்கு இணங்காது. ஆதலின் கொத்தனார் 25 லிட்டரோ, அதற்கு மேலோ ஊற்றுகிறார். மிகுதி நீர் பின்னர் ஆவியாகி வெளியேறும்போது, தான் இருந்த இடங்களையெல்லாம் துளைகளாக விட்டுச் செல்கிறது. துளை மிகுந்தால் வலிமை குறையும். நீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள விகிதமே வலிமையை வரையறுக்கிறது என்பதை அமெரிக்கப் பொறியியல் அறிஞர் டஃப் ஆப்ராம்ஸ் 1918-இல் நிலைநாட்டினார்.

நீரைக் குறைக்கவும் வேண்டும். சாந்து குழையவும் வேண்டும். இம்முரண்பாட்டைத் தீர்க்க, காகித ஆலைகளின் கழிவு உதவிற்று. மரத்தைக் கூழாக்கும்போது பிரியும் லிக்னின் என்னும் பொருளிலிருந்து பெற்ற உப்புகளை 1930-களில் கான்கிரீட்டில் கலக்கத் தொடங்கினர். சிமெண்டின் துகள்கள் நீரில் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும் இயல்புடையன. அத்திரளுக்குள் நீர் சிறைப்படும். இச்சேர்மானம் துகள்களின் மேல் ஒரே வகை மின்னேற்றத்தை உண்டாக்க, அவை ஒன்றையொன்று விலக்கிச் சிதறுகின்றன. சிறைப்பட்ட நீர் விடுதலை பெறுகிறது. மூட்டைக்கு 100 முதல் 150 கிராம் வரை சேர்த்தாலே, நீரில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வரை மிச்சமாகும். 1960-களில் ஜப்பானில் கெனிச்சி ஹட்டோரி நாஃப்தலீனிலிருந்தும், மேற்கு ஜெர்மனியில் வேறு சிலர் மெலமீனிலிருந்தும் இதனினும் ஆற்றல் மிக்க பொருள்களைச் செய்தனர். 1980-களில் ஜப்பானில் தோன்றிய மற்றொரு வகை, சீப்பின் பற்களைப் போன்ற நீண்ட கிளைகளால் துகள்களை விலக்கி வைக்கிறது. அதனால் நூற்றுக்கு 30 பங்கு வரை நீரைக் குறைக்கவும் இயலும். மும்பையின் வானளாவிய மாளிகைகளுக்குக் குழாய் வழியே கான்கிரீட் மேலேறுவது இத்தகைய சேர்மானங்களின் துணையால்தான்.

காற்றைப் பற்றிய கண்டுபிடிப்பு தற்செயலாய் நேர்ந்தது. 1930-களில் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில், பனிக்காலந்தோறும் கான்கிரீட் சாலைகள் செதிள் செதிளாக உரிந்தன. சில சாலைகள் மட்டும் உரியவில்லை. காரணத்தை ஆராய்ந்தபோது, அச்சாலைகளுக்கான சிமெண்டை அரைக்கையில் எளிதாக அரைபடும் பொருட்டு மாட்டுக் கொழுப்பைச் சேர்த்திருந்தமை தெரியவந்தது. கொழுப்பு நுண்ணிய காற்றுக் குமிழிகளைக் கலவையில் நிறுத்திற்று. நீர் உறைந்து பனிக்கட்டியாய் விரியும்போது அக்குமிழிகள் இடம் கொடுத்தன. முட்டை வெண்கருவைச் சாந்தில் அடித்துக் கலந்த நம் கொத்தர்கள் குமிழியின் தொண்டைக் கையால் அறிந்திருந்தனர்; அதன் காரணம் கணக்கில் ஏறியது இப்போதுதான். எனினும் குமிழியும் அளவோடு நிற்க வேண்டும். காற்று மிகுந்தால் அந்த அளவுக்கு வலிமை குறையும்.

இன்னொரு விந்தையும் உண்டு. கதவடைத்துத் துரத்திய சர்க்கரை பக்கவாயில் வழியே திரும்பி வந்தது. வெயில் கொளுத்தும் நம் நாட்டில், ஆலையில் கலந்த கான்கிரீட் நகரத்து நெரிசலைக் கடந்து வேலைத்தலம் சேருமுன் இறுகிவிடலாகாது. இறுகுதலைத் தள்ளிப்போட இன்று பெரிதும் பயன்படும் சோடியம் குளுகோனேட் என்பது சர்க்கரையின் நெருங்கிய உறவே. கலவை வண்டி வழியில் பழுதுபட்டு நின்றால், உருளைக்குள் கான்கிரீட் பாறையாகாமல் தடுக்கச் சர்க்கரையையே கொட்டுவதும் உண்டு. அளவறியாதவன் கையில் நஞ்சாகியது, அளவறிந்தவன் கையில் மருந்தாயிற்று. நம் புதிருக்கு இதுவே முழு விடை.

அளவையும் இடத்தையும் மறந்தால் நேரும் கேட்டுக்கு, கால்சியம் குளோரைடின் வரலாற்றினும் தெளிவான சான்று வேறில்லை. இவ்வுப்பு சிமெண்டை விரைந்து இறுகச் செய்யும் என்பது 19-ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்திருந்தது. குளிர்நாடுகளில் இது பெரும் வரமாகத் தோன்றிற்று. மூட்டைக்கு ஒரு கிலோவுக்கு மேற்படாமல் சேர்த்தாலே சென்ட்ரிங் பலகைகளை முன்னதாகப் பிரிக்கலாம். நாளும் கூலியும் மிச்சம். கம்பியில்லாக் கான்கிரீட்டில் இதனால் பெருங்கேடு இல்லை. கம்பியிட்ட கான்கிரீட்டில் நிலைமை வேறு. சிமெண்டின் காரத்தன்மை இரும்புக் கம்பியின்மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்றைப் போர்த்தி, துருவேறாமல் காக்கிறது. குளோரைடு அப்படலத்தைத் துளைத்துவிடும். துருவானது இரும்பினும் பன்மடங்கு இடத்தை அடைப்பது. உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கும்.

இதன் கொடுமை, அது உடனே தெரியாமையே. வீடு கட்டிய ஆண்டில் எல்லாம் செவ்வனே இருக்கும். ஒப்பந்தக்காரர் கணக்கு முடித்துச் சென்றிருப்பார். பல ஆண்டுகள் கழிந்தபின் கூரையில் பழுப்புக் கோடுகள் ஓடும்; காரை பெயர்ந்து விழும். அதன்கீழ்ப் படுத்துறங்குவோர் கட்டியவரின் முகத்தையும் கண்டிரார். இவ்வாறு பட்டறிந்த பின்னரே, 1977-இல் பிரிட்டனின் விதிகள் கம்பியிட்ட கான்கிரீட்டில் இவ்வுப்பைச் சேர்ப்பதைத் தடுத்தன. நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டுத் தர விதி, கம்பியிட்ட கான்கிரீட்டில் ஒரு கன மீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் குளோரைடு இருத்தலாகாது என்று வரையறுக்கிறது. கடல் மணலும் உப்பு நீரும் சேர்மானம் என்ற பெயரில்லாமலே அதே கேட்டைச் செய்வன. மும்பை, கோவா, விசாகப்பட்டினம் முதலிய கடற்கரை ஊர்களில் வாழும் நாம் இதனைச் சிறப்பாக நினைவில் இருத்துதல் நலம்.

பழஞ்சேர்மானங்கள் புதுப்பெயரோடு மீண்ட கதை இன்னும் இரண்டு உண்டு. தரையிலும் சுவரிலும் ஓடு பதிக்கும் இன்றைய சாந்தில், மரநாரிலிருந்து செய்த செல்லுலோஸ் வகை ஒன்று கலந்திருக்கிறது. உலர்ந்த ஓடும் செங்கல்லும் சாந்தின் நீரை உறிஞ்சாதபடி அது நீரைப் பிடித்து வைக்கிறது. உளுந்தின் வழுவழுப்பு செய்த வேலையும் அதுவே. சுர்க்கியின் இடத்தையோ அனல்மின் நிலையத்து நிலக்கரிச் சாம்பல் பிடித்துக்கொண்டது. உத்தரப் பிரதேசத்தில் 1950-களில் தொடங்கி 1962-இல் முடிந்த ரிஹாந்த் அணையில், சிமெண்டின் ஒரு பகுதிக்குப் பதிலாக இச்சாம்பலைக் கலந்தனர். இன்று நாம் கடையில் வாங்கும் பொஸலானாச் சிமெண்டில் நூற்றுக்கு 15 முதல் 35 பங்கு வரை சாம்பல் இருத்தல் விதி. மூட்டை ஒன்றுக்கு ஏழரை முதல் பதினேழரை கிலோ வரை என்று கொள்க. ‘பொஸலானா’ என்னும் அப்பெயரே உரோமானியரின் புட்டியோலி ஊரிலிருந்து வந்ததாகும். இச்சிமெண்டு இறுகச் சற்று அதிக நாள் பிடிக்கும். ஆகவே குறைந்தது 10 நாளாவது நீர் விட்டு நனைத்து வைத்தல் வேண்டும்.

தில்லியில் வாழ்வோர் ஒரு மாலைப்பொழுதில் ஹுமாயூன் சமாதிக்குச் சென்று வரலாம். 1570-ஐ ஒட்டி எழுந்த அம்மாளிகை சுண்ணாம்புச் சாந்தால் இணைந்தது. 20-ஆம் நூற்றாண்டில் அதனைப் பழுதுபார்த்தோர், சிமெண்டின் வலிமையில் வைத்த நம்பிக்கையால், மேல்தளத்தின்மீது கான்கிரீட்டை அடுக்கடுக்காக இட்டனர். நோக்கம் நல்லதே, பொருத்தமோ இல்லை. சுண்ணாம்பு மென்மையானது, ஈரத்தை உட்கொண்டு மீண்டும் வெளியே விடுவது. சிமெண்டோ விறைப்பானது, ஈரத்தை உள்ளேயே அடைத்து வைப்பது. 2007 முதல் 2013 வரை இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையும் ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளையும் சேர்ந்து நடத்திய திருப்பணியில், 10 இலட்சம் கிலோவுக்கு மேற்பட்ட கான்கிரீட்டைக் கூரையிலிருந்து கையாலேயே பெயர்த்து அகற்றினர். அதன்பின் வெல்லம், வில்வப்பழக் கூழ் முதலியவற்றைச் சேர்த்துக் குழைத்த சுண்ணாம்புச் சாந்து மீண்டும் அங்கே ஏறிற்று.

இதனைக் கண்டு, பழமை வென்றது, புதுமை தோற்றது என்று முடிவு கட்டுதல் பிழையாகும். ரிஹாந்த் அணையை வெல்லத்தால் கட்ட இயலாது. ஹுமாயூன் சமாதியைச் சிமெண்டால் காக்க இயலாது. எந்தச் சேர்மானமும் தன்னளவில் நல்லதும் இல்லை, தீயதும் இல்லை. எதனோடு, எவ்வளவு, எதன் பொருட்டு என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்தவரிடம் அது பயன் தரும்.

முன்னாளில் இம்மூன்றுக்கும் விடை கொத்தனாரின் கையில் இருந்தது. தந்தை மகனுக்குக் காட்டிக் கொடுத்தார். கரணையில் ஒட்டும் விதத்தையும் விரலில் நழுவும் விதத்தையும் கொண்டு அவர் பக்குவம் சொன்னார். இன்று விடை ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. டப்பாவின் மேலொட்டிய தாளில் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கிறது. இடையில் நிற்பவரோ, ஊர்விட்டு ஊர் வந்து கலவை கலக்கும் கூலியாள். பீகாரிலிருந்து சென்னைக்குச் செல்பவரும் அவரே. தமிழ்நாட்டிலிருந்து பிற மாநிலங்களுக்கு வந்தவரும் அவரே. தாளில் உள்ள மொழி பெரும்பாலும் அவர் அறியாதது. ‘ஒரு மூடி ஊற்று’ என்று மேஸ்திரி சொன்னால் ஊற்றுகிறார். ‘சீக்கிரம் ஆகவேண்டும், இன்னொரு மூடி ஊற்று’ என்றால் அதையும் ஊற்றுகிறார். அறிவு ஓரிடத்தும் கை வேறிடத்தும் பிரிந்து நிற்பதே நம் காலத்துச் சாந்தின் பெருங்குறை. எந்தச் சேர்மானமும் இக்குறையைத் தீர்க்காது. அளவுக்கோப்பை ஒன்றும், அதன் காரணத்தை அவர் மொழியிலேயே எடுத்துச் சொல்லும் ஒருவரும் வேலைத்தலத்தில் இருந்தால் அது தீரும்.

வீடு கட்டுவோரும் பழுதுபார்ப்போரும் செய்யத்தக்கவை சில உண்டு. சேர்மானத்தைச் சிமெண்டின் எடைக்கு ஏற்ப அளந்தே ஊற்றச் சொல்லுங்கள். கம்பியுள்ள இடத்தில் குளோரைடு இல்லாததா என்று கேளுங்கள். சுண்ணாம்புச் சுவரைச் சிமெண்டால் பூசுமுன் ஒருமுறைக்கு இருமுறை எண்ணுங்கள். மழைநீர் ஒழுகும் கூரைக்கு மருந்து ஊற்றுமுன், நீர் எவ்வழியே வருகிறது என்று பாருங்கள். நீரை மிகுதியாக ஊற்றிக் குழைத்த கலவையின் குறையை எந்த மருந்தும் மறைத்துவிடாது.

சந்தனம் அரைக்கும் மூதாட்டி கல்லின்மேல் நீரைத் துளித்துளியாகவே விடுவார். ஒரு துளி மிகுந்தால் சாந்து நீர்த்துப் போகும் என்பது அவருக்குத் தெரியும். சுவர் எழுப்பும் சாந்துக்கும் வேண்டுவது அந்தப் பக்குவமே.